ஒராபி பாஷா தந்த கோப்பை

எங்கள் வீட்டுக் கண்ணாடி அலுமாரியின் மேல்தட்டில் ஒரு பீங்கான் கோப்பை இருந்தது. வெள்ளை நிறம், விளிம்பில் பொன்வரை, ஒரு பக்கத்தில் சிவப்புப் பூ. அதில் யாரும் தேத்தண்ணி குடித்ததில்லை. பெருநாளைக்கு அலுமாரி துடைக்கும்போது மட்டும் வாப்பும்மா அதைத் தன் கையால் எடுத்து, சீலைத் துண்டால் துடைத்து, திரும்ப அதே இடத்தில் வைப்பார். "இது ஒராபி பாஷா எங்கட வாப்பாக்குக் குடுத்த கோப்ப. கைதவறிப் போட்டுராதீங்க மக்காள்" என்பார். அவருடைய வாப்பா, அதாவது எங்கள் பூட்டனார், மிஸ்ரு நாட்டுக்காரர். பாஷாவோடு கப்பலில் வந்தவர். பாஷா திரும்பிப் போகும்போது இவர் மட்டும் கம்பளையில் தங்கிவிட்டார். இதுதான் எங்களுக்குச் சொல்லித்தந்த வரலாறு.

இதற்கு மூன்று அத்தாட்சிகள் வீட்டிலேயே இருந்தன. ஒன்று இந்தக் கோப்பை. இரண்டாவது, பூட்டனார் துருக்கித் தொப்பியோடு நிற்கும் ஒரு புகைப்படம், அந்தத் தொப்பியை வைக்கும் தோல் பெட்டியும் கூட. மூன்றாவது, பச்சைச் சீலையில் சுற்றி வைத்திருந்த, அறபெழுத்தில் எழுதிய ஒரு பழைய கடிதம். அது பாஷா எழுதியது என்று சிலர் சொன்னார்கள். இல்லை, மிஸ்ரிலுள்ள ஒரு ஷெய்கு எழுதிக் கொடுத்த இஸ்மு என்று வேறு சிலர். ரமழான் 27ஆம் இரவில் அதை எடுத்து, விரிக்காமலே, எல்லோரும் ஒரு தரம் கண்ணில் ஒற்றிக்கொண்டு திரும்பச் சுற்றி வைப்போம்.

வாப்பும்மா மவுத்தாகி ஒரு வருடத்துக்குப் பிறகு வீடு பழுதுபார்க்க அலுமாரியை இறக்க வேண்டியதாயிற்று. அப்போதுதான் நான் கோப்பையைக் கவிழ்த்துப் பார்த்தேன். இத்தனை வருடத்தில் அதை ஒருவரும் கவிழ்த்துப் பார்க்கவில்லை என்பதே இப்போது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. அடியில் சிவப்பு மையில், சின்ன ஆங்கில எழுத்தில், 'மேட் இன் ஜப்பான்' என்றிருந்தது.

பழைய பீங்கான் வைத்திருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அடிப்பக்கத்தைத்தான். 1890ஆம் ஆண்டு அமெரிக்கா கொண்டுவந்த சுங்கச் சட்டம், அந்த நாட்டுக்குள் வரும் சாமான்களில் எந்த நாட்டில் செய்தது என்று எழுத வேண்டும் என விதித்தது. அதற்குப் பிறகுதான் பீங்கான் தொழிற்சாலைகள் நாட்டின் பெயரை அடியில் பொறிக்கும் வழக்கம் பரவலானது. ஜப்பான்காரர்கள் முதலில் தங்கள் நாட்டைத் தங்கள் மொழியிலேயே 'நிப்போன்' என்று பொறித்தார்கள். அது செல்லாது, ஆங்கிலத்தில் 'ஜப்பான்' என்றே இருக்க வேண்டும் என்று 1921இல் அமெரிக்கா சொன்ன பிறகு முத்திரை மாறியது. ஆகவே 'மேட் இன் ஜப்பான்' என்ற முத்திரையுள்ள கோப்பை பெரும்பாலும் 1921க்குப் பிந்தியதாகத்தான் இருக்கும். ஒராபி பாஷா 1883 ஜனவரியில் கொழும்பில் வந்திறங்கினார், 1901இல் மன்னிப்புப் பெற்று ஊர் திரும்பினார், 1911இல் காலமானார். 1930களின் தொடக்கத்தில் ஜப்பான் பீங்கானும் துணியும் மலிவாக வந்து இந்த நாட்டுக் கடைகளை நிரப்பின. எங்கள் கோப்பை அந்தக் காலத்துக் கடைச் சாமான். சில சதங்களுக்கு வாங்கியிருப்பார்கள்.

இதை முதலில் ராத்தாவிடம்தான் சொன்னேன். "நீ ஏன் அதக் கவுத்துப் பாத்த?" என்று கேட்டார். வரலாறு எழுதப் புறப்பட்டவனுக்கு இதைவிடச் சரியான கேள்வியை இன்றுவரை வேறு யாரும் கேட்கவில்லை.

தொப்பி விழ அதிக நேரம் எடுக்கவில்லை. குஞ்சம் வைத்த சிவப்புத் தொப்பி போட்டிருந்தால் மிஸ்ருக்காரர் என்று முடிவுகட்ட முடியாது. பாஷாவும் அவரோடு நாடுகடத்தப்பட்ட மற்ற ஆறு பேரும் வந்திறங்கிய பிறகு இலங்கை முஸ்லிம் கனவான்களிடையே அந்தத் தொப்பி ஒரு மரியாதைச் சின்னமாகப் பரவியது. 1905இல் சட்டத்தரணி எம். சி. அப்துல் காதர் துருக்கித் தொப்பியோடு உயர் நீதிமன்றத்தில் தோன்றக் கூடாது என்று பிரதம நீதியரசர் தடுத்தபோது, நாடெங்குமுள்ள முஸ்லிம்கள் கொதித்தெழுந்து மருதானைப் பள்ளிவாசலில் பெருங்கூட்டம் கூடினார்கள். அதன் பிறகு அந்தத் தொப்பி நம்மவர்களின் உரிமைக்கே அடையாளமாகிவிட்டது. பழைய படங்களில் கடை முதலாளியும் பள்ளி மரைக்காரும் மாப்பிள்ளையும் ஒரே தொப்பியோடுதான் நிற்கிறார்கள்.

இந்தக் கதை ஏன் இவ்வளவு இலகுவாக ஒட்டிக்கொண்டது என்பதையும் பார்க்க வேண்டும். எங்கள் குடும்பம் மட்டுமல்ல, மலைநாட்டிலும் கொழும்பிலும் நான் கதைத்த பல குடும்பங்களில் பாஷாவின் கைத்தடி, பாஷாவின் தஸ்பீஹ், பாஷா உட்கார்ந்த கதிரை என்று ஏதோ ஒன்று இருக்கிறது. எல்லாமே பொய் என்று சொல்லமாட்டேன். 18 வருடம் இங்கே வாழ்ந்த மனிதர், பின்னாளில் கண்டியில் குடியிருந்தவர், மருதானை அஸ்ஸாஹிரா மத்ரஸா 1892இல் தொடங்கியபோது முன்னின்றவர்களில் ஒருவர். அவர் கை பட்ட பொருட்கள் எங்கேயாவது இருக்கத்தான் செய்யும். ஆனால் அவரைப் பார்த்தவர்களைவிட அவரைப் பத்திரிகையில் படித்தவர்கள் அதிகம். அறிஞர் சித்திலெப்பை 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையை 1882 டிசம்பரில் தொடங்கினார். சில வாரங்களில் பாஷா வந்திறங்கினார். மிஸ்ருச் செய்தியும் பாஷாவின் செய்தியும் அந்தப் பத்திரிகை வழியாக ஊர் ஊராகப் போயின. வாசிக்கத் தெரிந்த ஒருவர் திண்ணையில் இருந்து வாசிக்க, மற்றவர்கள் கேட்டார்கள். 1885இல் சித்திலெப்பை எழுதிய 'அஸன்பேயுடைய கதை'யின் நாயகனும் மிஸ்ரு நாட்டில் பிறந்தவன்தான். வாசித்த கதையும் கேட்ட செய்தியும் அரை நூற்றாண்டு வாய்வழியாகப் போனால், வாப்பாவும் அந்தக் கப்பலில்தான் வந்தார் என்று ஆகிவிடுவது பெரிய அதிசயமில்லை.

அரசியலும் இதில் உண்டு. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று றோயல் ஏசியாட்டிக் சங்கத்தில் கட்டுரை படித்தார். சட்டநிரூபண சபையில் முஸ்லிம்களுக்குத் தனி ஆசனம் வேண்டுமா இல்லையா என்ற பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம் அது. அதற்கு ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் எழுதிய மறுப்பு 1907இல் வெளிவந்தது. அந்த விவாதத்தில் யார் சரி என்பது இங்கே என் வேலையில்லை. வம்சத்தில் ஓர் அறபுக்காரர் இருப்பது அந்தக் காலத்தில் வெறும் பெருமைக் கதை அல்ல, ஒரு சமூகத்தின் ஆசனத்தோடு சம்பந்தப்பட்ட விஷயம் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

கோப்பையும் தொப்பியும் போனாலும், பூட்டனார் பாஷாவோடு வந்தவர் என்ற கதை மட்டும் நின்றது. அதை உடைத்தது ஒரு கூட்டல் கழித்தல் கணக்கு. அவருடைய மரணப் பதிவின் பிரதியை எடுத்தேன். 1938இல் மவுத்து. வயது 49. அப்படியென்றால் பிறந்தது ஏறத்தாழ 1889. பாஷா வந்து ஆறு வருடம் கழித்துப் பிறந்தவர் பாஷாவோடு கப்பலில் வந்திருக்க முடியாது. பழைய பதிவுகளில் வயது நாலைந்து வருடம் முன்பின்னாக இருப்பது சகஜம்தான். ஐந்தைக் கூட்டினாலும் கணக்கு சேரவில்லை. அந்தப் பதிவில் இனம் என்ற இடத்தில் எழுதியிருந்தது 'இந்தியச் சோனகர்' என்று. 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பிலிருந்து சோனகரை இலங்கைச் சோனகர், இந்தியச் சோனகர் என்று இரண்டாகப் பிரித்து எண்ணினார்கள். ஊர்ப் பேச்சில் இரண்டாவது கூட்டத்துக்குப் பெயர் சம்மாங்காரர்.

அதன் பிறகுதான் கடிதத்தை விரித்தேன். விரிப்பதற்கு உம்மாவிடம் அனுமதி கேட்டு மூன்று மாதம் காத்திருந்தேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஊரிலுள்ள ஒரு மௌலவியிடம் காட்டினேன். எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டு, "எழுத்து அறபு மாதிரித்தான் ஈக்கி, ஆனா அறபு இல்ல" என்று திருப்பித் தந்தார். அது அறபுத்தமிழ். தமிழை அறபெழுத்தில் எழுதும் முறை. ட, ண, ள, ழ, ங போன்ற ஒலிகளுக்கு அறபில் எழுத்தில்லாததால், உள்ள எழுத்துக்குக் கூடுதல் புள்ளி வைத்து நம் முன்னோர் அவற்றை உண்டாக்கினார்கள். அறபு ஓதியவர் அதை அறபாக வாசித்தால் ஒரு சொல்லுக்கும் பொருள் கிடைக்காது. வாய்விட்டு எழுத்தைக் கூட்டி வாசித்தால் காதுக்குத் தமிழ் கேட்கும். நம்மவர்கள் மார்க்க நூல்களை மட்டும் அதில் எழுதவில்லை. கடைக் கணக்கு, சீதனப் பட்டியல், மருந்துக் குறிப்பு, புருஷனுக்கு எழுதும் கடிதம் எல்லாமே அதில் இருந்தன.

இங்கே கொஞ்சம் நிறுத்தி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அறபெழுத்து இருக்கும் கடதாசியைக் காலில் படப் போடக் கூடாது என்ற பேணுதலினால், ஒருவர் மவுத்தானதும் அவருடைய பழைய கடதாசிகளை எல்லாம் குர்ஆன் ஏடுகளோடு சேர்த்துக் கடலில் விடுகிறோம், மையவாடியில் புதைக்கிறோம், எரித்தும் விடுகிறோம். நோக்கம் நல்லதுதான். ஆனால் அந்தக் கட்டில் குர்ஆன் ஏடு எத்தனை, பலசரக்குக் கடன் கணக்கு எத்தனை என்று யாரும் பார்ப்பதில்லை. எங்கள் கடிதம் தப்பியது அதை இஸ்மு என்று நினைத்ததால்தான். ஒரு தவறான நம்பிக்கை ஒரு சரியான சான்றைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது.

பேருவளையைச் சேர்ந்த ஒரு முதிய ஆலிம் அதை எனக்கு வாசித்துக் காட்டினார். தலைப்பில் 786. தேதி ஹிஜ்ரி 1341 ரஜப் மாதம், 1923ஆம் ஆண்டு பெப்ரவரி கடைசி அல்லது மார்ச் தொடக்கம். எழுதிய இடம் கீழக்கரை. எழுதியவர் பூட்டனாரின் மனைவி. கம்பளையில் வாழ்ந்த எங்கள் பூட்டி அல்ல, வேறொரு மனைவி.

சலாம் சொல்லி, சுகம் விசாரித்து, பிறகு நேராக விஷயத்துக்கு வருகிறார். பணம் வந்து பதினொரு மாதமாகிறது. கொழும்பிலிருந்து வந்த ஒருவர் நீங்கள் சுகமாக இருப்பதாகச் சொன்னார், அல்ஹம்துலில்லாஹ். மழைக்கு ஓடு ஒழுகுகிறது. மகன் குர்ஆன் ஓதி முடிக்கப்போகிறான். அன்றைக்கு நாலு பேருக்குச் சோறு போட வேண்டும், லெப்பைக்கு வேட்டி கொடுக்க வேண்டும். வர முடியாவிட்டால் வரமுடியாது என்றாவது ஒரு வரி எழுதி அனுப்புங்கள். இவ்வளவுதான் கடிதம். கோபமாக ஒரு சொல்கூட இல்லை. ஆலிம் வாசித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். நாங்கள் பல வருடமாக 27ஆம் இரவில் கண்ணில் ஒற்றிக்கொண்டது இதைத்தான்.

கீழக்கரை, காயல்பட்டினம், அதிராம்பட்டினம் ஆகிய ஊர்களிலிருந்து வியாபாரத்துக்கு வந்தவர்களின் வாழ்க்கை பெரும்பாலும் இப்படித்தான். குடும்பம் அங்கே, கடை இங்கே. வருடத்துக்கு ஒரு தரமோ இரண்டு வருடத்துக்கு ஒரு தரமோ போய் வருவார்கள். ஆரம்பத்தில் தோணி, பிறகு தூத்துக்குடிக் கப்பல். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் ரயிலோடு இணைந்த கப்பல் ஓடத் தொடங்கியதும் பயணம் இலகுவானது. சிலர் இங்கேயும் நிக்காஹ் செய்துகொண்டார்கள். அது மறைவாக நடந்த விஷயமும் அல்ல. எங்கள் பூட்டனாரின் கம்பளை நிக்காஹ் பதிவு எனக்குக் கிடைக்கவில்லை. முஸ்லிம் விவாகங்களைப் பதியும் சட்டம் 1886இலேயே வந்துவிட்டது என்றாலும் பதியாத நிக்காஹும் செல்லுபடியானதுதான். ஆகவே பதிவில்லை என்பதால் நிக்காஹ் இல்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

அடுத்து நான் தேடியது அவருடைய விலாசத்தை. இங்கே விலாசம் என்று நான் சொல்வது வீட்டு முகவரியை அல்ல. கரையோர வியாபாரிகள் தங்கள் பெயருக்கு முன்னால் மூத்தவர்களின் பெயரெழுத்துகளைச் சேர்த்துக் கடைக்கு ஒரு பெயர் வைப்பார்கள்: சீனா, மூனா, கானா, ஆனா என்று. அதுதான் விலாசம். வாப்பாவின் பெயர், அப்பாவின் பெயர், சில நேரம் கூட்டாளியின் பெயர் எல்லாம் அதில் அடக்கம். ஒரே விலாசத்தில் இரண்டு தலைமுறை வியாபாரம் செய்யும். குடும்ப வரலாறு தேடுபவர்களுக்கு இது பெரிய துணை, ஆனால் ஆங்கிலப் பதிவில் இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். எழுதுவினைஞர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். ஒரே விலாசத்தை மூன்று இடத்தில் மூன்று விதமாக எழுதியிருப்பார்கள். கண்ணால் தேடக் கூடாது. வாய்விட்டு வாசித்துக்கொண்டே போக வேண்டும்.

கொழும்பு 7இல் இருக்கும் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பழைய அரசாங்க வர்த்தமானிகளைப் பார்த்தேன். வர்த்தமானி 1802 முதல் வெளிவருகிறது. அதில் சட்டங்களும் நியமனங்களும் மட்டும் இருப்பதாக நினைத்துப் பலர் திறந்தே பார்ப்பதில்லை. பின்பக்கங்களில் மாவட்ட நீதிமன்றங்களின் அறிவித்தல்கள் உண்டு: யார் முறிந்துபோனார், யாருடைய சொத்து ஏலத்துக்கு வருகிறது, மவுத்தான யாருடைய சொத்தைப் பராமரிக்க யார் மனுச் செய்திருக்கிறார் என்று. இந்தக் கடைசி வகைதான் நமக்குப் பொக்கிஷம். ஏனென்றால் வாரிசுகள் எல்லோரையும் பெயர் சொல்லிப் பிரதிவாதிகளாகக் காட்ட வேண்டும். முஸ்லிம் மவுத்தாகி வஸிய்யத்து இல்லாவிட்டால் சொத்து ஷரீஅத்துப்படி பிரியும். இதற்கு 1931இல் தனிச் சட்டமே வந்தது. பிள்ளைகள் உள்ளவரின் மனைவிக்கு எட்டில் ஒன்று. மனைவியர் இருவர் என்றால் அந்த எட்டில் ஒன்றை இருவரும் பாதி பாதியாகப் பிரிக்க வேண்டும். ஆகவே வீட்டில் மறைக்கலாம், ஊரில் மறைக்கலாம், பங்கு பிரிக்கும் இடத்தில் மறைக்க முடியாது.

1938ஆம் ஆண்டுக் கட்டில், கண்டி மாவட்ட நீதிமன்ற அறிவித்தல்களில், அவர் இருந்தார். விலாசத்தோடு பெயர், கம்பளையிலும் கீழக்கரையிலும் வசித்தவர் என்ற குறிப்பு, மனுதாரராக எங்கள் பூட்டி. பிரதிவாதிகளின் வரிசையில் வாப்பும்மாவும் அவருடைய தம்பியும், அவர்களுக்குக் கீழே கீழக்கரையிலுள்ள ஒரு பெண்ணும் ஒரு மகனும் ஒரு மகளும். பெயர்கள் கடிதத்தோடு பொருந்தின. குர்ஆன் ஓதி முடிக்கவிருந்த அந்தப் பையன்தான் இரண்டாவது பெயர்.

அப்படியென்றால் வாப்பும்மாவுக்கு இது தெரிந்திருக்க வேண்டுமே? அவருக்கு அப்போது 19 வயது, கல்யாணமும் முடிந்திருந்தது. தெரிந்திருந்தும் எங்களிடம் மிஸ்ருக் கதையைச் சொன்னார். இந்த இடத்தில் எனக்கு வாப்பும்மா மீது கோபம் வந்தது என்பதை மறைக்கமாட்டேன்.

கோபம் தணிந்தது வாப்பாவின் மாமாவுடைய, அதாவது வாப்பும்மாவின் தம்பியுடைய, தகரப் பெட்டியைத் திறந்தபோது. அவருடைய மகள் அதைக் கட்டிலுக்குக் கீழே வைத்திருந்தார். உள்ளே பத்திரமாக மடித்து வைத்திருந்தது 1951ஆம் ஆண்டு பிரஜாவுரிமை மனுவின் பிரதி. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டப்படி, இங்கே பிறந்தால் மட்டும் போதாது. வாப்பாவும் இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது அப்பாவும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். கம்பளையில் பிறந்து, கம்பளையில் ஓதி, கம்பளையில் கடை வைத்திருந்த அவர் ஒரே நாளில் நாடில்லாதவராகிவிட்டார். மலையகத் தோட்டத் தொழிலாளரை இந்தச் சட்டம் என்ன செய்தது என்று நிறைய எழுதியிருக்கிறார்கள். சம்மாங்கார முஸ்லிம்களின் பிள்ளைகளும் அதே வலையில் விழுந்தார்கள் என்பது நம் எழுத்துகளில் அதிகம் வரவில்லை. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், 1951 ஆகஸ்ட் 5க்கு முன் மனுச் செய்ய வேண்டும். 1946 ஜனவரி முதலாம் தேதிக்கு முன்பிருந்தே, கலியாணம் முடித்தவரானால் ஏழு வருடம், முடிக்காதவரானால் பத்து வருடம், இங்கே தொடர்ந்து இருந்ததை நிரூபிக்க வேண்டும். வாப்பும்மா ஓர் இலங்கைச் சோனகரை மணந்திருந்ததால் அவருக்கு வேறு வழி இருந்தது.

அந்த மனுவில் தந்தை பிறந்த இடம்: கீழக்கரை, இராமநாதபுரம் ஜில்லா. மிஸ்ரு என்று எழுதியிருந்தால் அந்தச் சட்டத்தின் கீழ் மனுவே செய்ய முடியாது; அது இந்திய, பாகிஸ்தானிய வம்சத்தவருக்கான சட்டம். கந்தோரில் இந்தியர் என்று நிரூபிக்க வேண்டும். கந்தோரை விட்டு வெளியே வந்தால் இந்தியர் என்று யாருக்கும் தெரியக் கூடாது, ஏனென்றால் வெளியே 'வந்தேறி' என்ற சொல் காத்திருக்கிறது. 1915 கலகத்தில் 4,000க்கும் மேற்பட்ட முஸ்லிம் கடைகளைச் சூறையாடினார்கள். கம்பளைப் பெரஹர வழக்கோடு தொடங்கிய பகை அது. கோபத்தின் முதல் குறி கரையிலிருந்து வந்த வியாபாரிகள்தான். அதற்குப் பிறகு இலங்கைச் சோனகரிலேயே பலர் 'நாங்கள் வேறு, சம்மாங்காரர் வேறு' என்று சொல்லத் தொடங்கினார்கள். வாப்பும்மா எப்போதாவது சொல்வார், "கலகத்துல எங்கட வாப்பாட கடய ஒடச்ச" என்று. அதற்கு மேல் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

மாமாவுக்குப் பிரஜாவுரிமை கிடைக்க எட்டு வருடம் எடுத்தது. அந்த எட்டு வருடமும் வீட்டுக்கு யார் வந்தாலும் வாப்பும்மா கோப்பையைக் காட்டி மிஸ்ருக் கதை சொன்னார் என்று மாமாவின் மகள் சொன்னார். "எங்கட வாப்பா ஒரு நாளும் அதச் செல்லல்ல. மாமி செல்லக்க தலயக் குனிஞ்சிட்டு ஈப்பார்." கதையைத் தொடங்கியவர் யார் என்று கேட்டேன். வாப்பும்மா இல்லையாம். எங்கள் பூட்டிதானாம், அந்த இரண்டாம் மனைவி.

ஆரம்பத்தில் நான் இதற்கு ஒரு விளக்கம் வைத்திருந்தேன். சக்களத்தி ஒருத்தி அக்கரையில் இருப்பதை ஊருக்குச் சொல்ல விருப்பமில்லாமல், புருஷனுடைய ஊரையே பூட்டி மாற்றிவிட்டார் என்று. கேட்கப் பொருத்தமாக இருந்தது. ஒரு கூட்டத்தில் இப்படிப் பேசியும் விட்டேன். பேசியது பிழை.

அந்தத் தகரப் பெட்டியின் அடியில், கச்சைநூலால் கட்டிய ஒரு சின்னக் கட்டு இருந்தது. காசுக்கட்டளைப் பற்றுச்சீட்டுகள், எல்லாம் கீழக்கரைக்கு அனுப்பியவை. முதலாவது 1923 ஏப்ரல்; கடிதம் வந்து சேர்ந்த கையோடு அனுப்பியிருக்கிறார். பிறகு ஒழுங்கில்லாமல், இரண்டு மாதம், ஐந்து மாதம் இடைவெளியில், 1937 வரை போகிறது. அதோடு முடிந்திருக்க வேண்டும், அவர் 1938இல் மவுத்து. ஆனால் கட்டில் இன்னும் மூன்று சீட்டுகள் இருந்தன. மூன்றும் 1939. அனுப்பியவர் பெயர் எங்கள் பூட்டியின் பெயர். பெறுபவர், அந்தக் கடிதத்தை எழுதிய பெண்.

அது பங்குப் பணமாக இருக்கலாம். எட்டில் ஒன்றின் பாதியை மூன்று தவணையில் கொடுத்திருக்கலாம். தொகைகளைக் கூட்டிப் பார்த்தேன், சொத்தின் பெறுமதி தெரியாமல் அதை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வழக்குக் கோப்பு கிடைத்தால் சொல்லலாம். ஒன்று மட்டும் இப்போது விளங்குகிறது. பூட்டி பள்ளிக்கூடம் போகாதவர், தமிழெழுத்துத் தெரியாது, உறுதிகளில் பெருவிரல் அடையாளம்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்துப் பெண்கள் பலரைப் போல, லெப்பையின் வீட்டில் ஓதியவர். அறபுத்தமிழ் மாலைகளைச் சரளமாக வாசிப்பார் என்று எல்லோரும் சொல்கிறார்கள். வாப்பும்மா பள்ளிக்கூடத்தில் படித்தவர், அவருக்கு அறபுத்தமிழ் தெரியாது. ஆகவே எங்கள் வீட்டில் அந்தக் கடிதத்தை வாசிக்கத் தெரிந்த கடைசி ஆள் பூட்டி. அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டுதான் அதைப் பச்சைச் சீலையில் சுற்றி வைத்திருக்கிறார்.

இந்தத் தேடலில் என்னிடம் சாமான் இருந்தது, பெட்டி இருந்தது. எல்லோருக்கும் அப்படியில்லை. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் சோனகத் தெருவிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களுக்கு இரண்டு மணி நேரம்தான் கொடுத்தார்கள். நகையும் உறுதியும் சோதனையில் போயின. 2004 டிசம்பரில் கிழக்குக் கரையில் கடல் வந்த வீடுகளில் பெட்டகமே மிஞ்சவில்லை. அப்படிப்பட்டவர்கள் வீட்டுக்குள் தேடாமல் வெளியிலிருந்து தொடங்கலாம். நொத்தாரிசு எழுதிய ஒவ்வோர் உறுதியின் இரண்டாம் பிரதியும் காணிப் பதிவகத்துக்குப் போயிருக்கும். வர்த்தமானியைக் கடல் கொண்டுபோகவில்லை. ஒல்லாந்தர் காலத்துத் தோம்புகளில் யாழ்ப்பாணமும் காலியும் கொழும்பும் இருக்கின்றன. புத்தளத்தில் இருக்கும் ஒரு நண்பர் தன் உம்மாவின் சோனகத் தெரு வீட்டின் நான்கு எல்லையையும் இப்படித்தான் கண்டுபிடித்தார். எல்லையில் இருந்த அயலவர்களின் பெயரை வாசித்தபோது உம்மா ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு கதை சொன்னாராம்.

இதை எழுதுவதற்குக் குடும்பத்தில் எல்லோரும் சம்மதிக்கவில்லை. விலாசத்தை மட்டும் அச்சில் போட வேண்டாம் என்று உம்மா கேட்டுக்கொண்டார், போடவில்லை. கடிதத்தின் படப்பிரதியைக் கீழக்கரைக்குக் கொண்டுபோக இரண்டு தரம் ஆயத்தமாகி இரண்டு தரமும் நின்றுவிட்டேன். அந்தப் பையனின் பிள்ளைகள் இருந்தால் இப்போது அவர்களுக்கே 70 வயதாகியிருக்கும். அவர்கள் வீட்டில் எங்களைப் பற்றி என்ன கதை சொல்லியிருப்பார்களோ தெரியாது.

கோப்பை இப்போது ராத்தாவின் மகள் வீட்டில் இருக்கிறது. போன பெருநாளைக்குப் போயிருந்தபோது அவளுடைய சின்ன மகன் என்னைக் கூட்டிக்கொண்டு போய் அலுமாரியைக் காட்டி, இது ஒராபி பாஷா தந்தது என்று சொன்னான். ராத்தா என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவன் அதைக் கவிழ்த்துப் பார்க்க எட்டும் உயரம் வளர இன்னும் அதிக நாள் இல்லை.